திரும்பினால் 'மியாவ்'

கேள்வி: வணக்கம் அம்மா. 2025 ஜூனில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன், இதுதான் எனக்கு முதல் வேலை. மற்ற வகுப்புகளைச் சமாளித்துவிடுகிறேன், ஒன்பது 'பி' மட்டும் முடியவில்லை. 52 பேர். போர்டு பக்கம் திரும்பினால் கடைசி பெஞ்சிலிருந்து 'மியாவ்' என்று சத்தம் வரும், திரும்பிப் பார்த்தால் எல்லோரும் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருப்பார்கள். யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை. இம்போசிஷன் கொடுத்தேன், வெளியே நிறுத்தினேன், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன், பேசுகிறவர்கள் பெயரை லீடரை விட்டு எழுதச் சொன்னேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. போன வாரம் தாங்க முடியாமல் ஸ்கேலால் அவன் கையில் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் சிரிக்கிறான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எச்.எம். 'உங்களுக்கு கிளாஸ் கன்ட்ரோல் இல்லை' என்கிறார். ஸ்டாஃப் ரூமில் 'அடியாத மாடு படியாது' என்கிறார்கள். நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை

பதில்:

லாயக்கா இல்லையா என்பதைச் சில மாதங்களில் முடிவு பண்ண முடியாது, அந்தக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நான் 33 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள், பெரும்பகுதி கணக்கு டீச்சர், கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியை. என் முதல் வருடத்தில் எனக்கு வந்தது பூனைச் சத்தம் இல்லை, ஆட்டோ ஹாரன். அதுவும் பெண் பிள்ளைகள் வரிசையிலிருந்து. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, ஸ்கேல் வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

அதை முதலில் பேசி முடித்துவிடலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தானே, ஒன்பதாவது பையனுக்கு 14 தாண்டியிருக்குமே என்று ஸ்டாஃப் ரூமில் சட்டம் பேச ஓர் ஆள் எப்போதும் இருப்பார். அவருக்குச் சொல்லுங்கள்: தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதியைத் திருத்தி 2003லேயே இங்கே அடியைத் தடை செய்தாகிவிட்டது, மத்தியச் சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்பே. முட்டி போடவைப்பது, வெயிலில் நிறுத்துவது எல்லாமே இதில்தான் சேர்த்தி. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்' என்று அப்பாவே வந்து அனுமதி கொடுத்தாலும் அந்த அனுமதி செல்லாது. நாளைக்கு விரலில் ஒரு எலும்பு விட்டுப்போனால் அதே அப்பா வாசலில் நிற்பார், நிற்கவும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. நடந்ததை எச்.எம்.மிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வழியாகவோ அவர் காதுக்குப் போவதற்குள். அப்புறம் ஒன்பது 'பி'யில் போய் நின்று, எல்லோர் முன்னாலும் அடித்ததால் எல்லோர் முன்னாலுமே, அரை நிமிடத்தில் சொல்லுங்கள்: "போன வாரம் நான் அடிச்சது தப்பு. இனிமே யாரையும் அடிக்க மாட்டேன். ஆனா சத்தத்தை அப்படியே விடவும் மாட்டேன்." அவ்வளவுதான். பின்னாலேயே ஒரு பிரசங்கம் வேண்டாம், கண் கலங்க வேண்டாம், சொன்ன கையோடு பாடத்துக்குப் போய்விடுங்கள். மன்னிப்புக் கேட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயமுறுத்துவார்கள். நான் பார்த்தவரை ஒரு பெரியவர் தங்களிடம் தவறை ஒப்புக்கொள்வதை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னால் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள்.

சரி, இப்போது பூனைக்கு வருவோம்.

அவன் சத்தம் போடுவது உங்களுக்காக இல்லை, மீதி 51 பேருக்காக. இதைப் புரிந்துகொண்டால் பாதி கோபம் இறங்கிவிடும். 14 வயதுப் பையனுக்கு வகுப்பின் சிரிப்பு எவ்வளவு பெரிய சம்பாத்தியம் என்று நமக்கு மறந்துபோச்சு. நீங்கள் சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு "யாருடா அது?" என்று திரும்பினீர்களே, அங்கேதான் அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்தீர்கள். இப்போது 51 பேரும் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் தோற்கவே மாட்டான், தோற்க அவனால் முடியாது, ஸ்கேல் அடி வாங்கினாலும் சிரித்துத்தான் ஆக வேண்டும். அவன் சிரிப்பு உங்களைக் கேலி செய்கிற சிரிப்பு என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அது வலியை மறைக்கிற சிரிப்பாகவும் இருக்கலாம்.

நீங்கள் நடத்துவது அறிவியல். ஒன்பதாவதில் திசுக்கள் பாடம் இருக்கிறது, படம் போடாமல் நடத்த முடியாது. ஒரு படத்தைப் போர்டில் வரைந்து பாகம் குறித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள்? நான்கு நிமிடமாவது ஆகும். அந்த நான்கு நிமிடமும் 52 பேருக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது, அவர்கள் கைக்கு வேலையும் இல்லை. அந்த நேரத்தில் பூனை கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். படத்தை முந்தின பீரியட் காலியாக இருந்தால் போய் வரைந்துவையுங்கள், இல்லையென்றால் சார்ட்டில் வரைந்து கொண்டுபோய் மாட்டுங்கள். போர்டில்தான் வரைய வேண்டும் என்றால் உடம்பைப் பக்கவாட்டில் வைத்து, தோள் போர்டுக்கும் முகம் பிள்ளைகளுக்குமாக, துண்டு துண்டாக வரையுங்கள்: ஒரு கோடு, திரும்பி "இதை வரைஞ்சாச்சா?", அடுத்த கோடு. அவர்களும் கூடவே நோட்டில் வரையட்டும். கையெழுத்து கோணலாகப் போகும், பரவாயில்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை பீரியடின் ஆரம்பம். ஒரே ஒரு நாள் வாட்சைப் பார்த்துக் குறித்துவையுங்கள். மணி அடித்த பிறகு பழைய வகுப்பிலிருந்து இங்கே வந்து சேர மூன்று நிமிடம். எல்லோரும் எழுந்து "கு...ட் மா...ர்னிங் டீ...ச்சர்" என்று இழுத்துப் பாடி உட்கார ஒரு நிமிடம். சுண்ணக்கட்டி இல்லை, ஒருத்தன் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடுகிறான், கூடவே ஒருத்தன் துணைக்கு. வகுப்பாசிரியர் என்றால் எமிஸ் (அரசின் பள்ளி விவர இணையத்தளம்) வருகைப்பதிவு வேறு, சிக்னல் கிடைக்கிற ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். "நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்டு, அதற்கு ஐந்து பேர் ஐந்து பக்கம் சொல்லி, கடைசியில் பாடம் தொடங்கும்போது 11 நிமிடம் போயிருக்கும். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது வராந்தாவில் நின்று இப்படிக் குறித்திருக்கிறேன், 11க்கு மேலும் பார்த்திருக்கிறேன். அந்த 11 நிமிடத்தில் கிளம்பிய இரைச்சலை அடக்கத்தான் மீதி 30 நிமிடமும் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

நான் கடைசியில் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. வாசலில் நின்றுகொள்வேன். உள்ளே போகும்போதே போர்டில் ஒரு கேள்வி இருக்கும், முந்தின நாள் பாடத்திலிருந்து, இரண்டு நிமிடத்தில் எழுதக்கூடியது. நான் முன்னால் போக முடியாத நாளில் லீடர் கையில் ஒரு துண்டுச் சீட்டு, அவள் போய் எழுதிவிடுவாள். உள்ளே வந்ததும் தேதி, கேள்வி, பதில். நின்று பாடுகிற குட்மார்னிங்கை நிறுத்திவிட்டேன், இதற்கு மூத்த ஆசிரியர் ஒருவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. முதல் வாரம் பாதிப் பேர்தான் எழுதினார்கள். மூன்றாம் வாரத்தில் நான் தாமதமாகப் போனாலும் உள்ளே குனிந்த தலைகள் இருந்தன. சுண்ணக்கட்டி என் கைப்பையில்.

பி.எட்.டில் ஜேக்கப் கூனின் என்ற பெயரை மார்க்குக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். அமெரிக்கர், ஆசிரியர்கள் எப்படித் திட்டினால் வகுப்பு அடங்குகிறது என்று ஆராயப் போனவர். வகுப்பறைகளைப் படம் பிடித்துப் போட்டுப் பார்த்து அவர் 1970ல் எழுதியதைச் சுருக்கினால், கோபமாகத் திட்டினாலும் அன்பாகத் திட்டினாலும் வித்தியாசம் பெரிதாக இல்லை. அமைதியான வகுப்பின் ஆசிரியர்கள் வேறொரு இடத்தில் வேறுபட்டார்கள்: ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாமல் நகர்ந்தார்கள், முதுகிலும் கண் இருக்கிறது என்று பிள்ளைகளை நம்பவைத்தார்கள், சின்னதாக இருக்கும்போதே சரியான ஆளை நிறுத்தினார்கள். தப்பான ஆளைப் பிடித்துத் திட்டினால் அதோடு உங்கள் கண்ணின் மதிப்பு போச்சு. அதனால்தான் சொல்கிறேன், சந்தேகத்தில் யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

சத்தம் வந்தே விட்டது என்று வையுங்கள். எழுதிக்கொண்டிருந்த வரியை முடியுங்கள். திரும்புங்கள். பேசாதீர்கள். நடத்திக்கொண்டே கடைசி பெஞ்ச் வரை நடந்து போய் அங்கேயே நின்று அடுத்த இரண்டு வரியை நடத்துங்கள், அவன் நோட்டில் விரலை வைத்து "இந்த லேபிள் விட்டுப்போச்சு" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரும் திரும்பிப் பார்க்கும்படி எதுவும் நடக்கவில்லை, மேடை இல்லை. 52 பேர் உட்கார்ந்த அறையில் கடைசி பெஞ்சுக்குப் போக வழியே இல்லை என்பீர்கள், எனக்குத் தெரியும், பையும் டிபன் பாக்ஸும் காலில் தட்டும். ஒரு பெஞ்சைச் சுவரோடு தள்ளியாவது ஒரு நடைவழி உண்டாக்குங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் அந்த நடைவழியைச் செய்யுங்கள்.

அப்புறம் அவனோடு தனியாக இரண்டு நிமிடம். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிடாதீர்கள், அங்கே நான்கு ஆசிரியர்கள் சேர்ந்துகொள்வார்கள், அதுவும் ஒரு மேடைதான். மதியம் தண்ணீர்த் தொட்டி பக்கம், வராந்தா மூலை, இப்படி எங்காவது. "ஏன்டா இப்படிப் பண்றே?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எந்தப் பையனிடமும் பதில் கிடையாது, தரையைப் பார்ப்பான். எனக்கும் ஒருத்தனுக்கும் நடந்தது ஏறக்குறைய இப்படி:

"நான் போர்டுல எழுதும்போது நாலு தடவை சத்தம் வந்துச்சு. என்னால நடத்த முடியல."

"நான் இல்ல டீச்சர்."

"சரி. நாளைக்கு வரக்கூடாது, அதுக்கு என்ன பண்ணலாம்?"

"தெரியல டீச்சர்."

"ஜன்னல் பக்கம் மூணாவது பெஞ்ச் காலியா இருக்கு. நாளைக்கு நீயா வந்து உட்காந்துட்டீன்னா நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். நீ வரலேன்னா நான் மாத்துவேன்."

மறுநாள் அவன் வரவில்லை. நானே மாற்றினேன், சத்தம் போடாமல், பையைக் கையில் எடுத்துக்கொண்டு. "நான் இல்ல" என்று அவன் சொன்னதும் நான் விசாரணையில் இறங்கவில்லை பாருங்கள், அதுதான் முக்கியம். நாம் போலீஸ் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது நம் வேலை இல்லை, நாளைக்குச் சத்தம் நின்றால் போதும். முதல் தடவையிலேயே எல்லாம் மாறாது, நான் சொன்ன இந்தப் பையனுக்குத் தீபாவளி வரை ஆனது.

இன்னொன்றும் பாருங்கள், இதைச் சண்டை போடுகிற மனநிலையில் பார்க்க முடியாது. அவனால் வாசிக்க முடிகிறதா? அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை, தனியாக, உங்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 2025-26ல் ஒன்பதாவதில் இருப்பவர்கள் 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தவர்கள். திரும்ப 2021 நவம்பரில்தான் திறந்தது, அப்போது ஐந்தாவது. எழுத்துக் கூட்டி வாசிப்பது சரளமாக வேண்டிய அந்த ஒன்றரை வருடம் பல பேருக்கு ஒரு போன்கூட இல்லாமல் போனது, எட்டாவது வரை ஃபெயில் கிடையாது, அப்படியே ஏறி வந்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாது என்று தெரிந்து சிரிப்பதைவிட, சேட்டைக்காரன் என்று சிரிப்பது அவனுக்கு எவ்வளவோ மேல். அப்படி இருந்தால் பூனைச் சத்தத்துக்கு மருந்து தண்டனையில் இல்லை. ஆறாவது முதல் ஒன்பதாவது வரைக்கும் அடிப்படையைச் சரிசெய்ய அரசு கொண்டுவந்த 'திறன்' என்ற திட்டத்தில் அவன் பெயர் இருக்கிறதா, பெயர் இருந்து பயிற்சி நடக்கிறதா என்று தமிழ் ஆசிரியரிடம் கேளுங்கள்.

காலையில் சாப்பிட்டானா என்றும் கேட்டுப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு நிற்கிறது, ஒன்பதாவது பையன் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடுகூட இருப்பான். மூன்றாவது நான்காவது பீரியடில்தான் சத்தம் அதிகம் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

நீங்கள் செய்து பார்த்த மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இம்போசிஷனை இன்றோடு விடுங்கள், இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் இரண்டு வரி எழுதக் கற்றுக்கொள்வதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, எழுதுவது என்றாலே தண்டனை என்று ஆகிவிடும், அதுவும் அறிவியல் டீச்சரே ஆக்கியதாக இருக்கும். வெளியே நிறுத்தினால் பாடம் போகிறது, அவன் காம்பவுண்டைத் தாண்டிப் போய் ஏதாவது ஆனால் பொறுப்பு உங்கள் தலையில். 'டி.சி. கொடுத்துடுவேன்' என்று ஒருநாளும் சொல்லாதீர்கள், கொடுக்க முடியாது என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் எழுதுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'அதிகம்', சிலதுக்கு 'மிக அதிகம்' என்று லீடர் எழுதிவைக்கிற அந்தப் பட்டியல் நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் எப்போதும் இருக்கும், மிட்டாய் வாங்கிக் கொடுத்தவன் பெயர் அழிக்கப்படும். அந்தப் பட்டியலை நம்பித் திட்டுகிற ஆசிரியர் தன் கண்ணை ஒரு குழந்தையிடம் அடகு வைத்தவர். 'சேட்டைக்காரனையே லீடர் ஆக்கு, திருந்திவிடுவான்' என்பதும் ஸ்டாஃப் ரூமில் கிடைக்கிற ஆலோசனைதான், நான் இரண்டு முறை செய்து இரண்டு முறையும் கெட்டுப்போனது, அவன் கையில் பிரம்பு கிடைத்தது போல ஆயிற்று. பொறுப்பு கொடுங்கள், அதிகாரம் கொடுக்காதீர்கள். சார்ட் மாட்டட்டும், பீக்கர் கழுவட்டும்.

அப்பாவைக் கூட்டிவரச் சொன்னால் அன்றைய கூலி போகும், அந்தக் கோபம் பையன் முதுகில் இறங்கும். அதற்குப் பதில் ஒரு போன். முதல் போன் நல்ல செய்திக்காக இருக்கட்டும், "இன்னைக்கு ஒரு படம் நல்லா வரைஞ்சான்" என்று சொல்வதற்கு. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே பயந்து எடுக்கிற வீடு அது. அப்படி ஒன்று பேசியிருந்தால் அடுத்து குறை சொல்லக் கூப்பிடும்போது அந்த அம்மா நம் பக்கம் நிற்பார்.

இடம் மாற்றுவதில் ஒரு எச்சரிக்கை. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது சில ஊர்களில் வெறும் நட்பு இல்லை, சாதி, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் தெரியும். 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்களைப் பெயரின் அகரவரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று 2024ல் பரிந்துரைத்தது. மொத்த வகுப்பையும் அப்படி மாற்றினால் யாரையும் குறிவைத்ததாக ஆகாது, உங்கள் கடைசி பெஞ்ச் கூட்டணியும் தானாகக் கலையும். ஆனால் அடிதடி, ஆயுதம், புகையிலைப் பொட்டலம், உடம்பில் விளங்காத காயம், இதெல்லாம் கிளாஸ் கன்ட்ரோல் விஷயமே இல்லை. தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் உடனே எச்.எம்.மிடம் போங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.

ஸ்கேலைப் பற்றி உங்களைக் கடிந்துகொண்டேன், என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் அதிகம் அடித்தவள் இல்லை, எனக்கு வாய். சர்வீஸில் சேர்ந்த ஏழாவது வருடம் ஒருத்தனைப் பார்த்து "நீயும் உங்கப்பா மாதிரி மூட்டை தூக்கத்தான் போறே" என்றேன். வகுப்பே சிரித்தது, எனக்கும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. அவன் அப்பா மார்க்கெட்டில் சுமை தூக்குபவர், அவன் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவன் என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. மூன்று தடவை வீட்டுக்குப் போனேன், அம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள், அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். பத்தாவது பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியலான நாமினல் ரோலில் அவன் பெயர் இல்லை. 'டா' போட்டுக் கூப்பிடுவதைக்கூட அதன்பிறகு கவனித்துத்தான் கூப்பிட்டேன். அந்த ஒரு எழுத்தில் பாசம் இருக்கிறதா இளக்காரம் இருக்கிறதா என்று மீசை அரும்புகிற பையனுக்குச் சரியாகத் தெரியும்.

எச்.எம்.மிடம் ஒன்று கேளுங்கள்: 'கன்ட்ரோல் இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பீரியட் பின்னால் வந்து உட்கார்ந்து பாருங்கள் சார் என்று. வந்து உட்கார்ந்தால் பூனை வராது, அது வேறு விஷயம். ஆனால் உங்கள் 11 நிமிடத்தை அவர் பார்ப்பார், சுண்ணக்கட்டியும் நடைவழியும் அவர் கையில் இருக்கிற விஷயங்கள். உங்கள் பள்ளியிலேயே ஒன்பது 'பி'யில் அமைதியாக நடத்துகிற ஒருவராவது இருப்பார், சத்தமே போடாத ஆளாகத்தான் இருப்பார், அவர் பீரியடில் போய் உட்கார அனுமதி வாங்குங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்காதீர்கள், எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

தொண்டைக்கு: கத்துவதை இன்றைக்கே குறையுங்கள், வகுப்பு இரையும்போது அதற்கு மேல் குரலை ஏற்றாதீர்கள், பேச்சை நிறுத்திவிட்டு நில்லுங்கள். தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வையுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் மிளகு, பனங்கற்கண்டு என்று நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், குரல் நாணில் முடிச்சு விழுவது நம் தொழிலில் சகஜம். ஒரு மாதம் கழித்து அந்த 11 நிமிடம் எத்தனை ஆனது என்று எழுதுங்கள்.